எடை சரி, எந்தத் தராசில்?

போன மாதம் சேற்றில் மாட்டிய வண்டியை டிராக்டர் கட்டி இழுப்பது பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. தோட்டத்தை விட்டு வந்து இருபது வருடம் ஆகி, பினாங்குப் பக்கம் பிறையில் ஆலை வேலை, ஜூருவில் அடுக்குமாடி வீடு என்று ஆன பிறகும் நம் ஆட்களுக்கு டிராக்டர் என்றால் காது நிமிர்கிறது. சரி, இந்த இதழ் முழுக்க டிராக்டர்தான். கார் ஏர்கோன் பற்றிக் கேட்ட தம்பியும், தண்ணீர் பம்ப் பற்றிக் கேட்ட அம்மாவும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, என் பேரன் கைப்பேசியில் ஒரு டிராக்டர் போட்டி காட்டினான். முன்சக்கரம் இரண்டும் ஆகாயத்தில் நிற்க, பின்னால் ஏதோ பெரிய வண்டியைக் கட்டி இழுக்கிறது. கொஞ்ச தூரம் புகையோடு பறந்துவிட்டு அப்படியே நின்றுபோகிறது. அவ்வளவு பெரிய எஞ்சின் ஏன் நிற்கிறது?
*— ஓர் அம்மா, புக்கிட் மெர்தாஜாம்*

நிற்கத்தான் வேண்டும் அம்மா. எல்லோரும் நிற்காமல் போய்விட்டால் போட்டி ஏது?

பின்னால் இருப்பதற்கு ஸ்லெட் என்று பெயர். பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் மண்ணில் உராயும் இரும்புத் தட்டு. மேலே தண்டவாளம் மாதிரிச் சட்டம், அதில் ஒரு பாரப்பெட்டி. புறப்படும்போது பெட்டி பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும், அதனால் இழுக்க எளிது. ஸ்லெட் உருள உருள, அதன் சக்கரம் சுற்றுவதிலிருந்தே சக்தி எடுத்துப் பெட்டி முன்னால் நகரும். பாரம் தட்டின் மேல் ஏற ஏற, தட்டு மண்ணை அழுத்தும். கடைசியில் ஐந்தாறு எருமை பூட்டினாலும் அசையாத நிலை வரும். யார் அதிக தூரம் போனார் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் 300 அடி தாண்டினால் முழு இழுப்பு, ஐரோப்பாவில் 100 மீட்டர். முழு இழுப்பு இழுத்தவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால் பாரத்தைக் கூட்டி அவர்களை மறுபடி இழுக்கச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில் பெட்டிக்குப் பதில் ஆட்கள். பாதையோரம் வரிசையாக நிற்பார்கள், ஸ்லெட் தங்களைத் தாண்டும்போது ஒவ்வொருவராக ஏறிக்கொள்வார்கள். நம் தோட்டத்தில் காலையில் வேலைக்காட்டுக்குப் போகும் டிரெயிலரில் வழியெல்லாம் ஆள் ஏறுமே, அதேதான். நாம் அதற்குப் பரிசு கொடுக்கவில்லை.

அண்ணே, என் மகன் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் வேலை செய்கிறான். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் பழைய ஜோன் டியர் 4020 டிராக்டர் ஒன்று இருக்கிறது. கோடைக்காலத்தில் இருவரும் அதைக் கொண்டு ஊர் ஊராக இழுப்புப் போட்டிக்குப் போகிறார்கள். முதல் ஊரில் ஸ்லெட்டை மாட்டுகிற கொக்கி தரையிலிருந்து 20 அங்குல உயரம், சரி என்று விட்டார்கள். இரண்டாவது ஊரில் 18-க்கு இறக்கச் சொன்னார்கள். மூன்றாவது ஊரில் உயரம் சரி, ஆனால் டயர் பட்டையைச் சீவியிருக்கிறீர்கள், இந்த வகுப்பில் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகன் கடுப்பாகி, எல்லாக் கிளப்புக்கும் ஒரே விதிப்புத்தகம் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்கிறான். நடக்கிற காரியமா?
*— ஒரு தகப்பன், சுங்கை பாக்காப்*

தம்பி, அது ஏற்கெனவே நடந்த காரியம். முழுதாக நடக்கவில்லை, அதனால்தான் உங்கள் மகனுக்கு எரிச்சல்.

தெரிந்த வரை முதல் போட்டிகள் 1929-ல் நடந்தன. மிசூரி மாநிலத்தில் ஓர் ஊர், ஓஹாயோவில் ஓர் ஊர். வயலில் உழுத அதே டிராக்டரை அப்படியே ஓட்டி வருவார்கள். ஞாயிறு இழுப்பு, திங்கள் உழவு என்பது அவர்கள் பேச்சு. ஐம்பது அறுபதுகளில் போட்டி ஊர் ஊராகப் பரவியபோது விதியும் ஊருக்கு ஒன்றாக முளைத்தது. 1969-ல் எட்டு மாநிலங்களின் ஆட்கள் கூடிப் பேசி, எல்லோருக்கும் ஒரே மாதிரி விதி வேண்டும் என்றுதான் என்.டி.பி.ஏ. என்கிற தேசியச் சங்கத்தையே தொடங்கினார்கள். ஆக, மகனுக்கு வந்த கோபம் அவன் பிறப்பதற்கு முன்பே எட்டு மாநிலத்துக்கு வந்திருக்கிறது.

மேல்தட்டு வகுப்புகளில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றே சொல்லலாம். புரோ ஸ்டாக் என்ற வகுப்பை எடுத்தால் அந்தச் சங்கத்தின் புத்தகத்தில் எடை 10,000 ராத்தல், எஞ்சின் 680 கன அங்குலத்துக்குள், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ ஒன்றுதான், கொக்கி 20 அங்குலத்துக்கு மேல் கூடாது. ஓஹாயோவில் கட்டிய வண்டியை வேறு மாநிலத்தில் கொண்டுபோய் இறக்கினாலும் அதே கணக்கு. லட்சக்கணக்கில் பணம் போட்டுக் கட்டுகிற வண்டிக்கு அப்படி இல்லாமல் முடியாது.

சிக்கல் கீழ்த்தட்டில். உங்கள் மகன் இழுக்கிற 4020, டீசல் என்றால் எஞ்சின் 404 கன அங்குலம். 1963 முதல் 1972 வரை செய்த மாடல், இன்னும் அங்கே பண்ணைகளில் ஓடுகிறது. இந்த மாதிரி வண்டிக்கான வகுப்பை ஊர்க் கிளப்கள் தங்கள் ஊர்க் கொட்டகைகளில் என்ன நிற்கிறது என்று பார்த்துத்தான் எழுதுகின்றன. டயர் விஷயத்தையே பாருங்கள். பட்டையின் விளிம்பைக் கூராகச் சீவினால் மண்ணை நன்றாகக் கடிக்கும். ஆனால் அந்த டயரோடு திங்கட்கிழமை தார்ச் சாலையில் ஓடி, செவ்வாய் வயலில் இறங்க முடியாது. அப்படியானால் போட்டிக்கென்று தனி ஜோடி டயர் வேண்டும். சீவிய டயரைத் தடுக்கிற கிளப்புக்கு விதி தெரியாமல் இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் உழுத வண்டியோடு அப்படியே வரவேண்டும் என்று அது நினைக்கிறது. யாரை அழைக்கிறோம் என்பதைத்தான் அந்த விதி சொல்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் எங்கே போகும் என்பதையும் அந்த விளையாட்டே பார்த்திருக்கிறது. ஓஹாயோவில் கார்ல், பால் பாஸி என்று இரண்டு சகோதரர்கள், பல எஞ்சினை ஒரே தண்டில் சேர்க்கிற கிராஸ்பாக்ஸ் ஒன்றைச் செய்தார்கள். அதன்பிறகு ஒரு வண்டியில் இரண்டு எஞ்சின், நான்கு எஞ்சின் என்று அடுக்கினார்கள். பார்க்க அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கொண்டு ஒரு பாத்தி கூட உழ முடியாது. உழுகிற டிராக்டருக்கும் இழுக்கிற டிராக்டருக்கும் பாகப்பிரிவினை ஆனது அங்கேதான்.

சரி, மகன் என்ன செய்யலாம்? என் அபிப்பிராயம் கொஞ்சம் கோணலாக இருக்கும். வகுப்பை ஒன்றாக்க வேண்டாம், அளக்கிற முறையை ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் பட்டறையில் இருந்தபோது, தோட்டத்தில் ஓர் எடைமேடை, ஆலையில் ஓர் எடைமேடை. குலை ஏற்றிய டிரெயிலர் தோட்டத்து மேடையில் ஏறி இறங்கி ஆலைக்குப் போகும். ஆலைச் சீட்டில் எப்போதும் எண்பது, தொண்ணூறு கிலோ குறைவாக வரும். ஒரு டிரெயிலர் என்றால் விட்டுவிடலாம், தினம் எட்டு நடை. வழியில் குலையை இறக்கி விற்கிறான் என்று டிராக்டர் ஓட்டியவர் மேல் பேச்சு வந்துவிட்டது. நல்ல மனுஷன், நாலு பிள்ளைக்காரர், சாப்பிடாமல் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்தார்.

நானும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரும் ஒரு காலை முழுக்க டிரெயிலர் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போனோம். ஒரு குலை விழவில்லை. ஆலை எடைமேடையில் அவர் வழக்கம்போல இறங்கி நின்று வெற்றிலை போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆலையில் ஓட்டுநர் இறங்க வேண்டும், போகும்போதும் வரும்போதும் எடை பார்ப்பார்கள். தோட்டத்தில் அவர் இறங்குவதே இல்லை. வெறும் வண்டி எடை என்று நோட்டில் எழுதியிருந்த கணக்கோ, என்றைக்கோ ஒருநாள் ஆள் இல்லாமல் எடுத்தது. அவரை அரிசி மூட்டைத் தராசில் ஏற்றினோம், எழுபத்தெட்டு கிலோ. மிச்சம் டயரில் ஒட்டிய சேறு, வழியெல்லாம் உதிர்ந்தது. ஆறு மாதமாக எங்கள் தோட்டம் அவரையும் சேர்த்துத்தான் குலையாக எழுதிக்கொண்டிருந்தது.

இரண்டு மேடையிலும் பிழை இல்லை, இரண்டுக்கும் சீல் இருந்தது. ஆள் ஏறியா இறங்கியா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இழுப்புப் போட்டியிலும் பாதித் தகராறு இந்த ரகம். கொக்கி 20 அங்குலம் என்கிறார்கள். எங்கிருந்து எதுவரை? இழுக்கும் வளையம் உட்காருகிற இடத்தின் மேல்பக்கம் வரையா, தடியின் நடுவரையா? சிமெண்டுத் தரையில் நிறுத்தியா, திடல் புல்லிலா? டயரில் காற்று எவ்வளவு? காற்றைக் குறைத்தால் டயர் அமுங்கிக் கொக்கி தானாக இறங்கும். அளந்த பிறகு காற்றை ஏற்றினால் தானாக ஏறும். எடை ஓட்டுநரோடா, ஹெல்மெட்டோடா, எண்ணெய் டேங்க் நிரம்பியா? இழுப்புக்கு முன் அளந்தது போதுமா, ஜெயித்தவரைப் பிறகும் அளக்க வேண்டுமா? மூன்று ஊரும் இதற்கெல்லாம் ஒரே பதில் எழுதிக்கொண்டால், எண் 18 ஆனாலும் 20 ஆனாலும் பாதகமில்லை. கொக்கியில் இரண்டு ஓட்டை போட்டு வைத்துக்கொண்டு ஊருக்கு ஏற்றபடி போல்ட் மாற்றுவது பத்து நிமிட வேலை. அளவு எப்படி எடுப்பார்கள் என்று தெரியாமல் நூறு மைல் ஓட்டிப் போய்த் திரும்புவதுதான் கஷ்டம்.

ஓர் இடத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். உயிர் போகிற விஷயத்தில் ஊருக்கு ஒரு சட்டம் கூடாது. கில் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. டிராக்டரின் பின்னால் ஒரு வளையம், அதில் ஸ்லெட்டிலிருந்து வரும் கயிறு. கொக்கி அறுந்து டிராக்டர் தனியே ஓடினாலோ, ஸ்லெட்காரர் ஆபத்து என்று நினைத்து இழுத்தாலோ எஞ்சின் நின்றுவிடும். டீசல் என்றால் காற்றை அடைக்கும், பெட்ரோல் என்றால் தீப்பொறியை வெட்டும். அந்த வளையம் எல்லா வண்டியிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும். ஸ்லெட் கிளப் கிளப்பாகப் போகிறது, அதில் இருப்பவர் இருட்டிலும் புகையிலும் வளையத்தைத் தேடக்கூடாது. முன்பக்கம் அளவுக்கு மேல் தூக்கினால் தாங்கிக்கொள்ளும் பின்தாங்கிகள், கிளட்ச் வெடித்தால் தெறிக்காதபடி போர்வை, தீயணைப்பான் இதெல்லாம் அதே கணக்கு.

மற்றபடி, டர்போ வாய் எத்தனை அங்குலம், எஞ்சின் எத்தனை ஆர்பிஎம் என்பதில் ஒரே எண்ணைத் திணித்தால் யாராவது ஒருவர் வண்டி வெளியே நிற்கும். இறுக்கமான ஊரின் விதியை எல்லோருக்கும் போட்டால் ஆள் குறையும். தளர்ந்த ஊரின் விதியைப் போட்டால் பணம் உள்ளவன் மட்டும் ஜெயிப்பான், அப்புறம் அடுத்த வருடம் ஆள் குறையும். நாலு வண்டி வருகிற வகுப்பை யார் நின்று பார்ப்பது? மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் குளிர்காலத்தில் கூடி முடிவெடுத்து, ஒரு முழுப் பருவம் தவணை கொடுத்து மாற்ற வேண்டும். பம்பும் டர்போவும் வாங்கியவன் பணம் தெருவில் கிடைத்ததில்லை.

ஐரோப்பாவிலும் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து பொது வகுப்பு வைத்திருக்கின்றன, இல்லாவிட்டால் கண்டத்துக்கு ஒரு சாம்பியன் எப்படி? ஆனால் அங்கே புரோ ஸ்டாக் என்றால் மூன்றரை டன் அளவில். அமெரிக்க 10,000 ராத்தல் நாலரை டன்னுக்குப் பக்கம். பெயர் ஒன்றே, நடுவில் ஒரு டன் போச்சு. முழு இழுப்பும் அப்படித்தான், 300 அடி என்பது 91 மீட்டர் சொச்சம். சிரிக்காதீர்கள். நம் சந்தையில் இன்னும் சில கிழவிகள் கட்டிக் கணக்கில் விலை கேட்க, கடைக்காரர் கிலோவில் நிறுத்துப் போடுகிறார். ஒரு கட்டி 600 கிராம் சொச்சம். விலை மலிவு என்று வாங்கி வந்த பிறகுதான் பையின் கனம் தெரியும்.

மகனுக்கு ஒரு வேலை சொல்லுங்கள். புத்தகம் வேண்டாம், ஒரே தாள். மூன்று ஊர்ச் செயலாளர்களிடமும் போய், எடையும் உயரமும் டர்போ வாயும் எப்படி அளக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு, மூன்று பதிலையும் அடுத்தடுத்து எழுதட்டும். அந்தத் தாளை அவர்களிடமே காட்டினால் பாதி சண்டை அங்கேயே தீரும். புதுசாக வந்த பையன் விதிப்புத்தகம் எழுதிக்கொண்டு போனால் எந்த ஊரிலும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் நீங்கள், சங்கிலியை டிராக்டரின் பின்னால் தாழ்வாக நீட்டியிருக்கும் இழுவைச் சட்டத்தில், அதாவது டிராபாரில்தான் மாட்ட வேண்டும், மேலே மாட்டக்கூடாது என்று எழுதினீர்கள். என் அனுபவத்தில் மேலே மாட்டினால்தான் பின்சக்கரம் நன்றாகப் பிடிக்கிறது. நீங்கள் பட்டறையிலேயே இருந்தவர், ஓட்டியவர் இல்லை என்று நினைக்கிறேன்.
*— முன்னாள் டிராக்டர் ஓட்டுநர், கெப்பாளா பத்தாஸ்*

அண்ணே, பிடிக்கும். அதுதான் ஆபத்து. இழுப்புப் போட்டியில் ஒவ்வொருத்தனும் கொக்கியை அரை அங்குலமாவது உயர்த்தப் பார்ப்பது அதற்காகத்தான்.

கணக்கு எளிது. ஆயிரம் கிலோ இழுவை, கொக்கி தரையிலிருந்து அரை மீட்டர், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னச்சிலிருந்து 250 கிலோ எழும்பிப் பின்சக்கரத்தில் உட்காரும். கொக்கியை 90 சென்டிமீட்டருக்கு ஏற்றினால் 450 கிலோ. சின்ன டிராக்டரின் முன்னச்சில் இருப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்னொன்று, டிராபார் தாழ்வாகப் பின்னால் நீண்டிருப்பதால் முன்பக்கம் தூக்கும்போது அது கீழே இறங்கும், தூக்கலும் தணியும். அச்சுக்கு மேலே கட்டிய சங்கிலி அப்படித் தணிந்து கொடுக்காது. பின்பக்கமாகக் கவிழ ஒன்றரை வினாடி போதும் என்கிறார்கள். கிளட்சில் கால் வைக்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

நான் ஓட்டவில்லை என்பது உண்மை. ஓட்டியவரிடம் மேலே கட்டு என்று சொன்னவன் நான். மழைக்காலம், வடிகால் ஓரம் குலை ஏற்றிய டிரெயிலர் அச்சு வரை இறங்கிவிட்டது. இழுக்க வந்த மேஸி டிராக்டரின் டிராபாரில் செருகுகிற முள் உடைந்திருந்தது. பட்டறைக்குப் போய்ப் புது முள் எடுத்துவர அரை மணி நேரம். எனக்கு அவசரம், பின்னச்சுக்கு மேலே, கலப்பையின் மேல்கம்பியான டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் சங்கிலியைப் போடச் சொன்னேன். முதல் கியரில் கிளட்சை விட்டார். முன்சக்கரம் என் தலைக்கு மேலே போனது, புகைக்குழாய் பின்பக்கம் சாய்ந்து தென்னை மட்டை மாதிரி தெரிந்தது. மட்கார்டில் கம்பி சுற்றிக் கட்டியிருந்த அவருடைய கறுப்புக் குடை முதலில் சேற்றில் விழுந்தது. எப்படியோ கிளட்சை மிதித்துவிட்டார், வண்டி தொப்பென்று முன்னால் விழுந்து முன்னச்சு முள் ஒடிந்தது. அவர் உதடு கிழிந்து இரண்டு பல் ஆட்டம் கண்டது.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. குடையை எடுத்து விரித்துப் பார்த்தார், கம்பி இரண்டு வளைந்திருந்தது. மறுநாள் நான் அதைப் பட்டறையில் நிமிர்த்திக் கொடுத்தேன். அதிலிருந்து டிராபார் முள் இரண்டு எப்போதும் என் கால்சட்டைப் பையில் இருக்கும், வீட்டுக்காரி துணி துவைக்கும்போது திட்டுவாள்.

எங்கள் வட்டாரத்தில் மூன்று இளைஞர் கழகங்கள் சேர்ந்து கயிறு இழுத்தல் போட்டி வைத்தோம். எடை வகுப்பில் சண்டை வந்து பாதியில் நின்றது. டிராக்டர் இல்லை, மனிதர்கள்தான். ஆலோசனை சொல்ல முடியுமா?
*— ஒரு கல்லூரி மாணவர், செந்தூல், கோலாலம்பூர்*

மனிதர்களும் இழுவை வண்டிதான் தம்பி, எண்ணெய் மட்டும் வேறு. 1900 முதல் 1920 வரை கயிறு இழுத்தல் ஒலிம்பிக்கிலேயே இருந்தது. இப்போதைய உலகக் கூட்டமைப்பின் விதியில் அணிக்கு எட்டுப் பேர், எட்டுப் பேரின் மொத்த எடைதான் வகுப்பு: 560, 600, 640, 680, 720 கிலோ என்று போகும். நாலு மீட்டர் இழுத்தால் வெற்றி. ஒவ்வொருவர் எடையையும் தனியே பார்க்காததால், ஒல்லியான பையனுக்கும் அணியில் இடம் கிடைக்கும். உங்கள் மூன்று கழகமும் 600, 680 என்று இரண்டு வகுப்பு வைத்தால் போதும், ஐந்து வைத்தால் கோப்பைதான் மிஞ்சும்.

எடை பார்ப்பது ஒரே தராசு, ஒரே இடம், பசியாறுவதற்கு முன். பார்த்தவுடன் காலில் மை முத்திரை வையுங்கள், இல்லாவிட்டால் எடை பார்த்த தம்பி ஒருவன், இழுக்க வருகிற அண்ணன் இன்னொருவன் ஆகிவிடுவான். காலணியில் முள் கூடாது. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, இதை ஒலிபெருக்கியில் மூன்று தடவை சொல்லுங்கள். 1997-ல் தைப்பேயில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர் இழுத்த கயிறு அறுந்து, இரண்டு பேருக்குக் கையே துண்டானது. கொடிக்கயிறு, நைலான் கயிறு எதையும் கடையில் மலிவாக வாங்கிவிடாதீர்கள்.

பினாங்கில் இப்படி ஒரு டிராக்டர் இழுப்புப் போட்டி வைத்தால் என்ன? செபராங் பிறையில் நெல் வயலும் இருக்கிறது, டிராக்டரும் இருக்கிறது.
*— ஒரு வாசகர், பட்டர்வொர்த்*

டிராக்டர் இருக்கிறது, ஸ்லெட் யாரிடம்? அதைச் செய்யவே தனி லோரி விலை ஆகும். பாதையும் இறுகிய களிமண்ணாக இருக்க வேண்டும், நம் வயலில் இறக்கினால் ஸ்லெட்டை இழுக்க இன்னொரு போட்டி வைக்க நேரும்.

ஆனால் அமெரிக்காவில் விவசாய எஞ்சினியரிங் சங்கம் 1998 முதல் மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறது. நாலில் ஒரு பங்கு அளவு டிராக்டரை மாணவர்களே வடிவமைத்துச் செய்து இழுக்க வேண்டும். பல வருடம் எல்லா அணிக்கும் ஒரே பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின், ஒரே டைட்டன் டயர் கொடுத்தார்கள். எஞ்சின் பற்றி விதிச் சண்டைக்கே இடமில்லாமல் போனது, மீதியெல்லாம் மூளை. தெலுக் பஹாங் அணைக்கட்டில் டிராகன் படகு பார்த்திருப்பீர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரிப் படகு, துடுப்பு போடுகிற இருபது பேர்தான் வேறு. அது மாதிரி. இங்கே பொலிடெக்னிக் மாணவர்கள் நாலு அணி சேர்ந்தாலே தொடங்கிவிடலாம். எஞ்சினை யாராவது வாங்கிக் கொடுத்தால், கொக்கி உயரம் அளக்க நான் டேப்போடு வருகிறேன். சிமெண்டுத் தரையில்தான் அளப்பேன், புல்லில் மாட்டேன்.